ஈரல் இல்லாத கூறு

அரியலூரிலிருந்து சிமெண்ட் ஆலைக்குப் பிரிகிற சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் திரும்புகிற முனையில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே என் கணவரின் கறிக்கடை. லாரி போகும்போதெல்லாம் வெள்ளைத் தூசி எழும்பும். வேப்பிலை மேல் படியும், காயப்போட்ட துணி மேல் படியும், பேசிக்கொண்டிருந்தால் நாக்கிலும் படியும். கறி மேல் மட்டும் படிய விடமாட்டார். தோளில் ஈரத்துணியோடுதான் நிற்பார். தூரத்தில் லாரியின் உறுமல் கேட்டதுமே துணி இறங்கித் தொங்குகிற கறியைப் போர்த்திவிடும். போன பிறகு மறுபடி தோளுக்கு ஏறும். நாள் முழுக்க இது நடக்கும். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் கை வலிக்கும்.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகைக்கும் கூறு போடுகிற வழக்கம் உண்டு. சில வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை எடுத்துக்கொள்ளும். தராசு கிடையாது. தேக்கிலைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு இலையிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், கொழுப்பு, குடல், ஈரல் என்று கையாலேயே பிரித்து வைக்க வேண்டும். ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. அதற்குக் கண் வேண்டும். அந்தக் கண் என் கணவருக்கு இருந்தது. அவர் வைத்த கூறில் எந்த இலையை எடுப்பது என்று யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை. குனிந்து, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கூறுக்கு உயிரே ஈரல்தான். கறி வேகக் காத்திருக்க வேண்டும். ஈரலோ வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டியில் விழும். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு துண்டு, சோகை பிடித்த பெண்ணுக்கு ஒரு துண்டு, அழுகிற குழந்தையின் வாய்க்கு ஒரு துண்டு. தேக்கிலையை அவிழ்த்ததும் முதலில் ஈரலைத் தேடாத பெண் எங்கள் பக்கம் கிடையாது.

அதனால்தான் சண்டையும் வரும். ஆட்டைத் திறந்ததும் அவர் கை முதலில் ஈரலுக்குத்தான் போகும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிக்கொண்டே போவார். கண்ணை மூடியிருப்பார். சில ஆடுகளுக்கு ஈரலில் வெள்ளையாக நீர்க்கட்டி இருக்கும். சிலது நுங்கின் கண் போல, சிலது எலுமிச்சம்பழம் அளவுக்கு. மெல்லிய தோல், உள்ளே தெளிந்த நீர். மற்ற கடைகளில் அந்த மூலையை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு மீதியை விற்பார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். முழு ஈரலையும் எடுத்து வேப்பமரத்தைப் பார்த்து வீசுவார். மரத்தடியில் ஒரு செவலை நாய் அதற்காகவே காத்திருக்கும். ஈரல் தரையைத் தொடுவதற்கு முன்னால் எம்பிக் கவ்வும். பார்க்க அழகாகவே இருக்கும்.

எதிர்வீட்டு அத்தை சும்மா இருக்காது. உறவுக்கு அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை.

"ஏன்டாப்பா, ஈரல் எங்கடா? இந்த ஆடு ஈரல் இல்லாமயே மேஞ்சுச்சா?"

"தண்ணி கோத்திருந்துச்சு அத்தை. போட்டுட்டேன்."

"யாருக்குப் போட்ட? அந்தச் செவலைக்கா? அப்ப அதும் பேருலயும் ஒரு எல போட்டுடேன், வரிசையில வந்து வாங்கிட்டுப் போவட்டும்."

"கெட்டத உனக்குத் தின்னக் குடுத்துட்டு நான் எப்புடித் தூங்குறது?"

"ஆமா, இவரு தூங்கறதுக்காவ நாங்க எலும்பக் கடிச்சிட்டுக் கெடக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் திட்டும். அடுத்த ஞாயிறும் முதல் ஆளாக வந்து நிற்கும். ஈரல் இல்லாத கூறைத் திட்டிக்கொண்டே வாங்கிப் போகிற தெரு, வேறு கடைக்குப் போகவில்லை. இவர் கையால் கெட்டது வராது என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் அதுதான் பெருமை. ஒரு மனிதன் எதைத் தன் பெயராக வைத்துக்கொள்கிறான் என்று யோசித்தால், என் கணவர் அந்த வீசி எறிகிற கையைத்தான் தன் பெயராக வைத்திருந்தார்.

கறியைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். சோற்றில் கை வைப்பதற்கு முன்னாலும். ஆனால் டீக்கும் முறுக்குக்கும் பீடிக்கும் நடுவே எத்தனை தடவை அந்தச் செவலையின் காதைத் தடவியிருப்பார்! அது அவர் மடியில் தலை வைக்கும், முழங்கையை நக்கும். பேச்சு மும்முரத்தில் அதே கையால் முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொள்வார். நாய் என்று தனியாக நாங்கள் நினைத்ததே இல்லை. கடைக்குக் கொக்கி எப்படியோ, கட்டை எப்படியோ, அப்படி அதுவும் ஒன்று.

வலி முதலில் கொக்கியில்தான் வந்தது. ஆட்டைத் தூக்கி மாட்டும்போது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார்.

"யாரோ கட்டவெரல வச்சு அமுக்குற மாரி இருக்கு புள்ள."

"எங்க?"

"இங்கதான். உள்ள. இப்ப விட்டுடுச்சு."

சோடா குடித்தார். ஓமத் தண்ணீர் குடித்தார். பூண்டைச் சுட்டுத் தின்றார். எங்கள் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்கு வாயு என்று பெயர். ஏப்பம் வந்துவிட்டால் ஆள் பிழைத்துவிட்டதாகக் கணக்கு. அவருக்கும் ஏப்பம் வந்தது. எனக்கும் நிம்மதி வந்தது. ஆடு தூக்கும்போது வரும், இறக்கியதும் போய்விடும். போய்விடுகிற வலியை யார் மருத்துவரிடம் கொண்டுபோவார்கள்?

ஒருநாள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனோம். நடைமேம்பாலத்தில் பாதி ஏறியவர் படியில் உட்கார்ந்துவிட்டார். செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்திருந்தார். வாரில் ஒன்றுமில்லை. கழுத்தெல்லாம் வேர்வை. கீழே ரயில் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, எங்களை விட்டுவிட்டுப் போனது. கடைசிப் பெட்டி மறையும்வரை அந்தப் படியிலேயே இருந்தோம். அப்போதுதான் எனக்கு பயம் வந்தது.

அரியலூரில் இ.சி.ஜி. எடுத்தார்கள். பார்த்தவர் முகத்தைச் சுருக்கித் திருச்சிக்குப் போகச் சொன்னார். திருச்சியில் மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு ஆஞ்சியோ செய்தார்கள். அடைப்பு ஒன்றுமில்லை, குழாய்கள் உள்ளே சுத்தமாக இருக்கின்றன என்று ஓர் ஆள் வந்து சொன்னதும் நான் வராந்தாவில் நின்றே அழுதேன். கேண்டீனில் இட்லி வாங்கித் தின்றோம். அவர் சட்னி நன்றாக இல்லை என்று குறை சொன்னார். குறை சொல்கிற அளவுக்குத் தெம்பாகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். இட்லி முடிவதற்குள் மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த டாக்டர் இளம்பெண். கண்ணுக்குக் கீழே தூக்கம் கறுத்திருந்தது. கம்ப்யூட்டரில் அவருடைய இதயம் ஓடிக்கொண்டிருந்தது. இலையுதிர்ந்த கிளை மாதிரி ரத்தக் குழாய்கள், ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்தன. அதில் ஒரு கிளை மட்டும் ஓரிடத்தில் வளைந்து போனது, நடுவழியில் கிடக்கிற பாறையைச் சுற்றிக்கொண்டு வண்டித்தடம் போவது போல. இதயம் சுருங்கும்போதெல்லாம் அந்த வளைவு நூலாக மெலிந்து, மறுபடி விரிந்தது.

"உள்ள அழுக்கு எதுவும் இல்லைங்க. வெளியிலேருந்து ஏதோ ஒண்ணு இந்தக் குழாய அமுக்குது. என்னன்னு ஸ்கேன்ல பாக்கணும்."

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மறுபடி அதே அறை, அதே திரை. இந்தமுறை படம் அசையவில்லை. இதயத்தின் சுவருக்குள், சதைக்கு நடுவே, உருண்டையாக ஒன்று. மெல்லிய ஓரம், உள்ளே நீர். டாக்டர் விளக்க வாயெடுப்பதற்குள் என் கணவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். சந்தையில் ஆட்டைப் பார்ப்பவர் போல் முகம் கூர்மையானது.

"இது நீர்க்கட்டியில்ல?"

டாக்டர் திரும்பினார். "உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"நித்தம் பாக்குறதுங்க. ஈரல்ல வரும், நுரையீரல்ல வரும். ஆட்டுக்கு." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். "மனுசனுக்குமா வரும்?"

"ஆடு வளக்குறீங்களா?"

"அறுக்கறேங்க. கறிக்கடை."

"நாய் இருக்கா?"

"அது யாரையும் கடிக்காதுங்களே!"

"கடிக்க வேணாங்க. கெட்டுப்போன ஈரல என்ன செய்வீங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கேள்வி புரியாமல் பார்க்கிற பார்வை இல்லை. புரிந்துவிட்டதால் பார்க்கிற பார்வை. நான்தான் சொன்னேன்: "நாய்க்குப் போட்டுடுவாருங்க."

டாக்டர் மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை ஆடு என்றார், பேனாவை நாய் என்றார். பாட்டிலிலிருந்து பேனாவுக்கும் பேனாவிலிருந்து பாட்டிலுக்கும் விரலால் ஒரு வட்டம் போட்டார். ஆட்டின் நீர்க்கட்டியைத் தின்கிற நாயின் குடலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நாடாப்புழுக்கள் வளரும். அதன் முட்டைகள் மலத்தில் வெளியேறிப் புல்லில் ஒட்டும், மண்ணில் கிடக்கும், நாயின் ரோமத்திலும் நக்குகிற நாக்கிலும் இருக்கும். புல்லோடு ஆட்டுக்குப் போனால் ஆட்டுக்கு மறுபடி நீர்க்கட்டி. அவ்வளவுதான் அதன் உலகம். மனிதன் அதில் சேர்த்தியே இல்லை. நாயைத் தொட்ட கை வாய்க்குப் போகும்போது, வழி தவறி வந்துவிடுகிறது.

"வயித்துல பொரிச்சு ரத்தத்துல ஏறும். பெரும்பாலும் ஈரல்லயே தங்கிடும். அதத் தாண்டினா நுரையீரல். ரெண்டயும் தாண்டி வர்றது ரொம்ப அபூர்வம். அப்படித் தாண்டினது இதயத்துக்குள்ள வந்து வெளிய கிளம்புது பாருங்க, அப்ப வர்ற முதல் கிளையே இதயம் தனக்காக வச்சிருக்குற குழாய்தான். அதுக்குள்ள போயி சதையில உக்காந்துடுச்சு. நேத்து வந்ததில்ல. பல வருஷமா மெதுவா வளர்ந்திருக்கு. இப்ப வந்த வழியவே அமுக்குது."

வந்த வழியையே. அந்தச் சொற்களை இன்றைக்கும் என்னால் கீழே வைக்க முடியவில்லை. அவருடைய ஒரு பகல், நான் அடுப்படியில் ஏதோ கிளறிக்கொண்டிருந்த பகல், செவலை முழங்கையை நக்கிய ஒரு சாதாரணப் பகல். அன்றைக்கு உள்ளே போனது. அதன் பிறகு நாங்கள் தின்ற சோறெல்லாம், சிரித்த சிரிப்பெல்லாம் அதற்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊருக்குக் கெட்டத விக்கக்கூடாதுன்னுதாங்க தூக்கிப் போட்டேன்."

"தெரியுதுங்க."

"அதுவாச்சும் நடந்துச்சுல்ல? தின்னிருந்தா அவங்களுக்கும் வந்திருக்கும்ல?"

டாக்டர் தயங்கினார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத வயது. "ஈரல்லேருந்து மனுஷனுக்கு நேரா வராதுங்க. நாய் வழியாத்தான் வரணும். அந்த எடத்த அறுத்துக் குழியில பொதச்சிட்டு, மீதிய வேக வச்சுத் தின்னிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

என் கணவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நெஞ்சைத் திறந்து, கட்டியை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும் என்றார்கள். உள்ளேயே உடைந்தால் உடம்பு தாங்காது, ஒன்று பலவாகவும் முளைக்கும். அதுவரை மாத்திரை. தூக்கக்கூடாது, ஓடக்கூடாது. அமுங்குகிற குழாய்க்கு அப்பால் இருக்கிற சதை பட்டினி கிடக்கிறது, ஓடினால் செத்துப்போகும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். தீபாவளிக்கு முந்தின வாரத்திலேயே படுக்கை தருவதாகவும் சொன்னார்.

"தீவாளி கழியட்டுங்க," என்றார் இவர்.

"தீபாவளி வருஷா வருஷம் வரும் சார்."

"வாக்குக் குடுத்துட்டேன். ஆடெல்லாம் புடிச்சு வச்சாச்சு. தெருவே எங்கையால கூறுக்குக் காத்திருக்கு. நான் எதயும் தூக்கல, தம்பி தூக்குவான். ஒக்காந்து எலயில பிரிச்சு வக்கிறதுதான் எனக்கு வேல."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஒரே வாரம்தானே என்று எனக்கும் தோன்றியது. பல வருடம் பொறுத்தது ஒரு வாரம் பொறுக்காதா என்று தோன்றியது. வீட்டில் இவருடைய தம்பிக்கும் அப்படித்தான் தோன்றியது, தெருவுக்கும் அப்படித்தான். எங்கள் பக்கம் தீபாவளிக்கு முன்னால் யாரும் சாவதில்லை என்பது போல.

பெரம்பலூர் வழியாகத் திரும்பினோம். ஆட்டு வியாபாரியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அவர் பிடிவாதம். வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் அம்மன் கோயில் கூட்டம் சாலை வரைக்கும் நின்றது, பஸ் ஊர்ந்தது. இறங்கலாம் என்று நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தேன்.

"மாவெளக்கு போடறேன்னு வேண்டிக்கிட்டேங்க. வாங்க, ஒரு கும்புடு போட்டுட்டுப் போவம்."

"ஆத்தாகிட்டயும் தீவாளி கழியட்டும்னு சொல்லு."

பக்கத்து சீட்டுக்காரர்கூடச் சிரித்தார். பெரம்பலூரைத் தாண்டி ஒரு சோளக்கொல்லை. கதிர் அறுத்த தட்டையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எப்போதும் ஜன்னல் வழியாகவே எந்த ஆட்டில் எவ்வளவு கறி தேறும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர். அன்று ஆடுகளைப் பார்க்கவில்லை. மந்தையின் கடைசியில் நாக்கைத் தொங்கவிட்டு நடந்த நாயையே, அது புள்ளியாகி மறையும்வரை பார்த்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே வேப்பமரத்துக்குப் பின்னால் தம்பியை வைத்து ஆழமாகக் குழி வெட்டச் சொன்னார். கெட்டது இனி குழிக்கு, மேலே சுண்ணாம்பு, அதற்கு மேலே கல். மாட்டாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிவந்து செவலைக்கு ஒரு கறித்துண்டுக்குள் பொதிந்து கொடுத்தார்கள். அவரோ காதைத் தடவாமல் தூர நின்று பார்த்தார். நாய்க்கு அது புரியவில்லை. நெருங்கி நெருங்கி வந்தது. "போ அங்கிட்டு," என்றார். அந்தக் குரலில் அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

எதிர்வீட்டு அத்தை குழியை எட்டிப் பார்த்தது. "இதென்னடா, ஈரலுக்குச் சமாதியா?"

"ஆமா அத்தை. உனக்கும் பக்கத்துல எடம் விட்டிருக்கேன்."

"எனக்கெதுக்கு? மொதல்ல நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஒழுங்கா வூடு வந்து சேரு."

தீபாவளியன்று விடியும்போதே வானமெல்லாம் புகை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைகளும் புதுத்துணி மடிப்புகளுமாகத் தெரு முழுக்க எங்கள் கடை முன்னால் நின்றது. அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல் தவறவில்லை, எதையும் தூக்கவில்லை. தம்பி தூக்கினார், உரித்தார், திறந்தார். இவர் இலைகளைப் பரப்பிப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நான் கொல்லைப்புறமும் வாசலுமாக நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் காலை திருச்சிக்குப் போக மாற்றுத்துணி வைத்த பை கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

கடைசி ஆடுகளில் ஒன்று. தம்பி ஈரலை எடுத்து நீட்டினார். கட்டைவிரல் தடவிக்கொண்டே போனது, நின்றது. நல்ல பெரிய கட்டி. அத்தை இலைகளுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கிண்டல் சொன்னது, எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வீசினார்.

அவர் வீசவில்லை. கை வீசியது. அத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகள் வீசின. செவலை வேப்பமரத்தடியிலிருந்து எம்பி, தரையில் படாமல் கவ்விக்கொண்டது.

"டேய்!"

அந்தச் சத்தத்துக்கா, பக்கத்தில் வெடித்த சரவெடிக்கா தெரியவில்லை, நாய் மிரண்டு ஈரலோடு சாலைப் பக்கம் ஓடியது. இவர் எழுந்து ஓடினார். நான் கத்தினேன், தம்பி கத்தினார். "போடு! போடுடா! எச்சக்கல, போட்டுட்டுப் போ!" கெஞ்சலும் திட்டுமாக அவர் குரல் மட்டும் வெடிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. லாரி திரும்புகிற முனையில் பிடித்துவிட்டார். வாயைப் பிளந்து இழுத்தார். பாதிதான் வந்தது. மீதியைச் செவலை விழுங்கிவிட்டு, புது விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியது. பாதி ஈரலோடு எங்களைப் பார்த்துத் திரும்பினார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு அந்த வெள்ளைத் தூசியில், யாரோ தோளைப் பிடித்து உட்காரவைத்தது போல, மெதுவாக உட்கார்ந்தார்.

ஏன் ஓடினார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "மறுவடியும் அதுக்குப் புழு வந்துடும்ல. அந்த நாயோட காதத் தடவாத புள்ள நம்ம தெருவுல இருக்கா?" என்றார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்திருந்தார். பேச்சு துண்டு துண்டாக வந்தது. "அந்தக் கூறுல... ஈரல் இல்லன்னு சொல்லிடு. அத்தை... சண்டைக்கு வரும்." அத்தை அந்த நேரம் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது.

கட்டி உடையாமல் முழுசாக வந்துவிட்டது. அந்த டாக்டர்தான் வெளியே வந்து சொன்னார். நான் கைகூப்பினேன். அவர் கைகூப்பவில்லை. குழாய் ரொம்ப நேரம் அமுங்கிக் கிடந்துவிட்டது, அதற்கு அப்பால் இருந்த சதை போய்விட்டது, அந்தப் பக்கம் இனிமேல் துடிக்காது, மீதியை வைத்துக்கொண்டு வாழலாம், கவனமாக வாழலாம் என்றார். போன வாரம் படுக்கை போட்டு வைத்திருந்தேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததும் எனக்குக் கேட்டது. இவருக்கும் கேட்டிருக்கிறது. நினைவு வந்து முதலில் பேசியதே அதுதான்: "தீவாளி கழிஞ்சுபோச்சா?"

இப்போது கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. கொக்கி துருப்பிடித்துவிட்டது. தம்பி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போய்விட்டார். எங்கள் வாசலில் தூசி கிளப்பிவிட்டு, ஹாரன் அடித்துக் கையசைத்துக்கொண்டு போவார். இவர் ஒரு வாளித் தண்ணீர் தூக்கக்கூடாது. கிணற்றடியிலிருந்து கொடி வரை ஈரத்துணியைக் கொண்டுபோனால் மூச்சு வாங்குகிறது. லாரியின் உறுமல் கேட்டால் இன்னமும் கை தோளுக்குப் போகிறது, அங்கே துணி இருக்காது. சில மதியங்களில் அவர் தூங்கும்போது அந்த நெஞ்சின் மேல் காது வைத்துக் கேட்பேன். எந்தப் பக்கம் துடிக்கவில்லை என்று வெளியிலிருந்து தெரியாது. எல்லாம் துடிப்பது போலத்தான் கேட்கிறது. போன வாரம், போன வாரம் என்று அது சொல்வதாக எனக்கு மட்டும் தோன்றும்.

முனைக்கு அந்தப் பக்கம் பெரம்பலூர்க்காரர் ஒருவர் புதுக்கடை போட்டிருக்கிறார். கறி நல்ல கறிதான், ஆனால் கூறு போடத் தெரியவில்லை என்று தெரு முணுமுணுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து நின்றது.

"கையி வேணாம்டாப்பா. கண்ண மட்டும் கொண்டா. அவன் ஒரு எலயில தொடய வச்சுட்டு இன்னொரு எலயில வெறும் எலும்பக் காட்டுறான்."

இவர் சிரித்துக்கொண்டே போனார். நானும் கூடவே போனேன். முக்காலி போட்டார்கள். இவர் சொல்லச் சொல்ல அந்த ஆள் இலைகளில் பிரித்து வைத்தார். ஈரல் வந்தது. அந்த ஆள் மரியாதைக்காக இவரிடம் நீட்டினார். கட்டைவிரல் தடவிக்கொண்டே போய் ஓரத்தில் நின்றது. சின்னதுதான், நுங்கின் கண் அளவுக்கு. செவலை எங்கள் பின்னாலேயே வந்திருந்தது. ஈரலைப் பார்த்ததும் எழுந்து நின்றது. இவர் முழங்கை கொஞ்சம் பின்னால் போனது.

முழங்கை முன்னால் வந்தது. அந்த ஆளிடம் ஈரலைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த மூலய நல்லா தள்ளி அறுத்துடுங்க. ஒடயாம. அறுத்தத நம்மூட்டுக் குழியில போட்டுடலாம். மீதிய எலயில வையிங்க."

"வக்கலாமாண்ணே? நீங்க வக்கமாட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"வக்கலாம். நல்லா வேவ வச்சாப் போதும்."

அத்தை தன் இலையைப் பிரித்துப் பார்த்தது. "அடேங்கப்பா, இன்னிக்கி ஈரல் இருக்கே!" என்று தெருவுக்கே கேட்கக் கூவியது. ஆளாளுக்கு இலையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து எங்கள் கூறில் இருந்த ஈரலை மிளகு போட்டு நன்றாக வேகவைத்து வறுத்தேன். அவர் தட்டில் வைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார். எத்தனையோ வருடமாக ஈரல் வெட்டியவர், அன்றுதான் முதன்முதலாகத் தின்பவர் போல இருந்தது.

"நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு." வாசலில் செவலை படுத்திருந்தது. அதைப் பார்த்தபடியே இன்னொரு துண்டை எடுத்தார், தின்னவில்லை, தட்டிலேயே வைத்துவிட்டார். "இத்தன வருசமும் தெருவுக்கே குடுத்திருக்கலாம் புள்ள."